கேசோவரி காட்டுல நடக்கப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

ஆஸ்திரேலியாவோட வடகிழக்குல கெய்ர்ன்ஸ் ஊர் பக்கம் குடியிருக்கேன், டெயின்ட்ரீ, மிஷன் பீச் காடுகள்ல பல வருஷமா நடக்கறேன். கேசோவரிங்கறது இந்தக் காடுகள்ல இருக்கற, பறக்காத பெரிய பறவை. லீவுக்கு வர்ற நம்மாளுங்க கேட்டதுக்கெல்லாம் மொத்தமா பதில் சொல்லிடறேன்.

அக்கா, இது ஈமு மாதிரி தானே? ஆளைக் கொல்லும்ங்கறாங்களே?

ஈமுவுக்கு சொந்தம் தான், ஆனா இது அடர்காட்டுப் பறவை. பெட்டை தான் பெருசு, 70 கிலோவைக்கூட தாண்டும், கால்ல உள்பக்க விரல்ல கத்தி மாதிரி நகம், 12 செ.மீ. வரைக்கும் இருக்கும். ஆனா ஆஸ்திரேலியாவுல இதால ஆள் செத்ததா பதிவானது ஒண்ணே ஒண்ணு தான், 1926-ல மாஸ்மன் பக்கம் ஒரு 16 வயசுப் பையன், அதுவும் பறவைய அடிக்கப் போனப்ப.

நேருக்கு நேர் வந்துட்டா?

ஓடவே ஓடாதீங்க, அது மணிக்கு 50 கி.மீ. ஓடும். முதுகைக் காட்டாம மெதுவா பின்னாடி நகருங்க, தோள்ல இருக்கற பையைக் கழட்டி முன்னாடி பிடிச்சுக்கங்க, பக்கத்துல பெரிய மரம் இருந்தா அதுக்குப் பின்னாடி போயிடுங்க. குஞ்சு கூட இருந்தா இன்னும் தள்ளி நில்லுங்க. கூட இருக்கறது அப்பா, அம்மா முட்டை போட்டதோட கிளம்பிடும், அவர் தான் 50 நாள் அடைகாத்து 9 மாசம் போல வளர்ப்பார். லேசி க்ரீக் பாதையில ஒரு தடவை காதுல சரியா விழாத ஒரு உறுமல், நெஞ்சுக்கூடு அதிருது, என்னடான்னு பாத்தா பத்தடி தள்ளி நீலக் கழுத்து, காலடியில கோடு போட்ட மூணு குஞ்சு. மூச்சப் பிடிச்சுட்டு பின்வாங்கினேன், அதுங்க பாட்டுக்கு போயிடுச்சு.

குழந்தை வாழைப்பழம் போடணும்ங்கறான், ஒண்ணே ஒண்ணு போட்டா என்ன?

தயவுசெஞ்சு வேண்டாம்மா. சட்டப்படியே குத்தம். 1999-ல வந்த ஆய்வுல மனுஷங்க மேல நடந்த 150 தாக்குதலைப் பாத்தாங்க, முக்கால்வாசி ஏற்கனவே யாரோ தீனி போட்டுப் பழக்கின பறவைங்க. பழகினது ரோட்டோரம் வந்து நிக்கும், கார்ல அடிபட்டு சாகும். நாம பாசமா போடற பழம் தான் அதைக் கொல்லுது, இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் எனக்கு ஆறல.

பாதையில சாணி மாதிரி குவியல், உள்ள முழுசு முழுசா கொட்டை, அது என்ன?

கேசோவரி எச்சம்! பக்கத்துல இருக்குன்னு அர்த்தம், பேச்சைக் குறைச்சு கவனமா நடங்க. அதைக் காலால கலைக்காதீங்க, அது காட்டோட நாத்தங்கால். ரைபரோசான்னு ஒரு மரம், சும்மா விழுந்த விதை நூத்துக்கு 4 தான் முளைக்குது, கேசோவரி வயித்துல போயி வந்தா 92.

வேற என்ன பயம்?

பறவையை விட ஓடைக்கரை முதலைக்கு பயப்படுங்க, போர்டு இருக்கற தண்ணியில கால்கூட வைக்காதீங்க. இதய வடிவ இலை தெரிஞ்சா தொடாதீங்க, ஜிம்பி செடியா இருந்தா மாசக்கணக்குல வலிக்கும். சிக்னல் பல இடத்துல கிடையாது, போற பாதையையும் திரும்பற நேரத்தையும் யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

கண்டிப்பா பாக்க முடியுமா?

உறுதி கிடையாது. எட்டி பே கடற்கரையில காலைல போய் பாருங்க, மணல்லயே நடந்து வரும். போற வழியில மஞ்சள் கேசோவரி போர்டு வந்தா வேகத்தைக் குறைச்சுடுங்க, அப்பா முதல்ல ரோட்டைத் தாண்டும், குஞ்சுங்க பின்னாடி தான் வரும்.