நடுத்தூணைச் சூடாக்கி நிமிர்த்தலாமா?

வேன் இடித்து உங்கள் காரின் நடுத்தூண் (பி பில்லர், அதாவது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண்) உள்வாங்கிவிட்டது, டிங்கரிங் கடையில் கேஸ் வைத்துக் காய்ச்சி இழுத்துத் தருகிறேன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. புதிய மாடல் என்றால் அந்தத் தூணுக்குள் பெரும்பாலும் போரான் ஸ்டீல்தான் (போரான் கலந்த மிக உறுதியான எஃகு) இருக்கும். சுமார் 900 டிகிரிக்குக் காய்ச்சி, அச்சில் அழுத்தும்போதே சட்டென்று குளிரவைத்து 1500 மெகாபாஸ்கல் வலிமைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். மறுபடி நெருப்பைக் காட்டினால் அந்த வலிமை போச்சு. பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது! முன்பக்கம் மோதினால் நசுங்குவதற்குப் பானட் நீளம் இருக்கிறது. பக்கவாட்டில் கதவைத் தாண்டினால் உங்கள் விலா எலும்புதான்.

கம்பெனி ரிப்பேர் மேனுவலில் காட்டிய இடத்தில் மட்டும் வெட்டி, புதுத் தூணை அதில் சொன்னபடியே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். செலவு கூடும், அதனால் முதலில் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் பேசிவிடுங்கள். அப்புறம் வண்டி எடுக்கும்போது, கதவைத் தூக்கிப்பிடிக்காமல் பூட்ட முடிகிறதா, இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள்.