சேஃப்டி ரேசரில் ஷேவிங் செய்யப் பழகுவது எப்படி? முகம் வெட்டுப்படாமல் இருக்குமா?

கேள்வி கேட்டவர் இப்போது ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் பயன்படுத்துகிறார். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிகிறது, கார்ட்ரிட்ஜ் விலையும் கட்டுப்படியாகவில்லை. பழைய மாதிரி இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு மாறலாமா, என்ன வாங்குவது, எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக மாறலாம். ஒரே ஒரு நிபந்தனை: முதல் மாதம் மழமழவென்ற கன்னத்துக்கு ஆசைப்படாதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் ரத்தம் பார்ப்பது பெரும்பாலும் முதல் இழுப்பில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கையால் தடவிப் பார்ப்பார்கள். தாடைக்குக் கீழே கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருக்கும். நுரை இல்லாத அந்த இடத்திலேயே இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பார்கள் பாருங்கள், அங்கேதான் வெட்டு விழும். கொஞ்சம் சொரசொரப்போடு ஆபீஸ் போனால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் கழுத்துப் பொரிப்பு. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக மேலே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்தடுத்த பிளேடுகள் வெட்டிவிடும். இதனால் வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. முடி சுருட்டையாக இருந்தால் அந்த முனை வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே குத்தி வளரும், அதைச் சுற்றிச் சிவந்து வீங்கும். தோல் மருத்துவர்கள் இதற்குச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஒற்றை பிளேடு முடியைத் தோல் மட்டத்தோடு விட்டுவிடும் என்பதால் பலருக்கு இது குறைகிறது. எல்லோருக்கும் அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். சீழ் கோத்த பருக்கள் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, ரேசர் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ன வாங்குவது. இணையத்தில் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் மாதச் சம்பளத்தை அழிக்கும் அளவுக்கு ஆசை காட்டுவார்கள். ரேசரில் பார்க்க வேண்டியது, பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். குறைவாக நீட்டினால் மென்மை, அதிகம் நீட்டினால் முரடு. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யும் மெர்க்கூர் 34சி, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89, ஜெர்மனியின் முஹ்லே ஆர்89 மூன்றும் மென்மையான ரகம், ஆரம்பத்துக்கு ஏற்றவை. அதே முஹ்லேயின் ஆர்41 முரடு. அந்தப் பக்கமே இப்போது போகாதீர்கள். இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நம் நாட்டில் செய்யும் பித்தளை, ஸ்டீல் ரேசர்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன, அவற்றில் மூடிய சீப்பு வகையாக, அதாவது பிளேடுக்குக் கீழே இருக்கும் விளிம்பு சீப்புப் பல் போலப் பிளந்திருக்காததாகப் பார்த்து எடுங்கள். கடையில் தொங்கும் பிளாஸ்டிக் ஷேவிங் செட்டை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எடையே இல்லாததால் கை தானாக அழுத்தத் தொடங்கிவிடும். தாத்தாவின் பழைய ஷேவிங் செட் பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். தலைப்பகுதி வளையாமல், பிளேடு இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு அதையே பயன்படுத்தலாம்.

பிளேடு விஷயத்தில் கவலையே இல்லை. இந்த வகை ரேசரைக் கொண்டுவந்த அமெரிக்கர் கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுக்க விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 35 லட்சம் ரேசர்கள் போய்ச் சேர்ந்தன. அந்தக் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதனால் தெருமுனைக் கடையில் வாங்கும் டோபாஸ் பிளேடு சோலிங்கன் ரேசரில் கச்சிதமாக உட்காரும். கார்ட்ரிட்ஜ் வியாபாரம் வேண்டாம் என்று நினைத்தது இந்தச் சுதந்திரத்துக்காகத்தானே!

சூப்பர்மேக்ஸ், செவன் ஓ கிளாக், வில்கின்சன் ஸ்வார்டு, ஆஸ்ட்ரா என்று மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வெண்ணெயாக ஓடும் பிளேடு இன்னொருவருக்குப் பிடுங்கும், முடியும் தோலும் அப்படி. ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. கை படிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிளேடு மாட்டும்போது கூரான நீள முனையைத் தொடாமல், குட்டையான இரண்டு ஓரங்களைப் பிடித்து வையுங்கள். ஷேவிங்கைவிட பிளேடு மாற்றும்போது விரலை வெட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

சரி, இப்போது நுரை. கற்க வேண்டியதில் பாதி இதில்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் ரேசரைப் பற்றியே பேசுகிறார்கள். காய்ந்த தாடி முடி முரட்டுக் கம்பி. தண்ணீரைக் குடித்துவிட்டால் வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகக் குறைந்துவிடும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது நனைந்திருக்க வேண்டும். குளித்த கையோடு ஷேவிங் செய்வது நல்லது என்பது இதனால்தான். பிரஷ் செயற்கை இழையில் வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மிருக முடி பிரஷ் சீக்கிரம் காயாது, நாற்றமும் வரும். செயற்கை இழையை ஊறவைக்கவும் வேண்டாம், நனைத்து உதறினால் போதும்.

கிரீமை விரல்நுனி அளவு எடுத்து ஒரு கிண்ணத்தில் சுழற்றுங்கள். தொடக்கத்தில் பெரிய பெரிய குமிழியாக வரும், அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சுழற்ற வேண்டும். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகி, பளபளப்பு வந்து, கெட்டித் தயிர் பதத்தில் நின்றால் தயார். காற்றடைத்த நுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் வழுவழுப்பு தராது. டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம் பெரும்பாலும் அந்த ரகம்.

நுரையே வரவில்லை என்று சிலர் கிரீமைத் திட்டுவார்கள். குற்றவாளி அநேகமாகத் தண்ணீர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அந்தக் கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து கரையாத பிசுக்காகிவிடும், நுரைக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து நுரைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். முகம் கழுவ, ரேசர் அலச, குழாய்த் தண்ணீரே போதும்.

ரேசரைக் கையில் எடுப்பதற்கு முன் இன்னொரு வேலை. ஒரு நாள் வளர்ந்த தாடியை எல்லாப் பக்கமும் விரலால் தடவுங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அது முடி போகும் திசை, உரசுவது எதிர்த்திசை. கன்னத்தில் கீழ்நோக்கிப் போவது பெரும்பாலோருக்குப் பொது. கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மேல்நோக்கிப் போகும், சிலருக்குக் காதுப் பக்கமாகச் சாயும், சிலருக்குச் சுழி இருக்கும். கழுத்தில் மட்டும் எப்போதும் எரிகிறது என்பவர்கள், அங்கே மேலிருந்து கீழே இழுத்து, அறியாமலே முடிக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கலாம்.

இப்போது கோணம். ரேசர் தலையின் மேல்மூடியைக் கன்னத்தில் ஒட்ட வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே, அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் பிளேடு முடியைத் தொட்டு வெட்டத் தொடங்கும். பிளேடுக்கும் தோலுக்கும் ஏறத்தாழ 30 டிகிரி. அந்தக் கோணத்தைக் கை மறக்கக் கூடாது. தாடை வளைவில் கைப்பிடியும் கூடவே திரும்ப வேண்டும். கார்ட்ரிட்ஜில் தலையே அசைந்து இதைப் பார்த்துக்கொள்ளும், இங்கே மணிக்கட்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். கோணம் சரியாக இருந்தால் முடி வெட்டுப்படும் சரசரச் சத்தம் தெளிவாகக் கேட்கும், தவறினால் சத்தம் அடங்கிவிடும்.

அழுத்தம் என்ற ஒன்றே வேண்டாம். கைப்பிடியின் நுனிப் பக்கம் இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடித்தால், அழுத்த நினைத்தாலும் முடியாது. உலோக ரேசரின் எடையே வேலை பார்க்கும். இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இன்னொரு கையால் தோலை லேசாக இழுத்துப் பிடியுங்கள். குரல்வளை மேட்டில் நேராகப் போகாதீர்கள், தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து வெட்டுங்கள். பிளேடை ஒருபோதும் பக்கவாட்டில் சறுக்க விடக் கூடாது. காய்கறி நறுக்கும் அசைவு அது, தோலையும் அப்படியே நறுக்கும்.

முதல் வாரங்களில் முடி போகும் திசையில் ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான், முகம் கழுவிவிடலாம். எரிச்சல் இல்லாமல் அது கைவந்த பிறகு, மறுபடி நுரை பூசிக் குறுக்காக இரண்டாவது சுற்று. எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று போவது கன்னத்தில் மட்டும், அதுவும் பிறகு. சுருட்டை முடிக்காரர்கள் கழுத்தில் எதிர்த்துப் போகவே வேண்டியதில்லை, இவ்வளவு பாடும் எந்தப் பொரிப்பைத் தவிர்க்கப் பட்டோமோ அது திரும்பி வந்துவிடும்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல், வெளிநாட்டு வீடியோக்களில் இதை அதிகம் சொல்வதில்லை. சலூன்காரர் கத்தியில் பிளேடின் முனை கண்ணுக்குத் தெரியும், அதனால் மீசைக் கோட்டைக் கோலம் போடுகிற மாதிரி எடுத்துவிடுவார். சேஃப்டி ரேசரில் முனை மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் இந்தப் பக்கம் குறைந்தது என்று அந்தப் பக்கமும் குறைத்து, கடைசியில் மீசையே போய்விடும். முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ கோட்டை எடுத்துவிட்டு, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் ரேசரை நகர்த்துங்கள். கிருதாவுக்கும் இதேதான்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு, நனைத்த படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். சின்ன ரத்தப் பொட்டுகளை நிறுத்தும், கூடவே உங்கள் கையையும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், இல்லை கோணம் தவறியிருக்கிறது. அடுத்த முறை அந்த இடத்தில் கவனம். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, ஏதாவது ஒரு மாய்ஸ்சரைசர் போட்டுக்கொண்டால் சரி. அப்புறம், படிகாரத்தை வீட்டில் இன்னொருவரோடு பங்கு போடாதீர்கள், ரத்தம் படும் பொருள் அது.

ஒரு பிளேடு நான்கைந்து ஷேவிங் வரும். பிடுங்குவது போலத் தோன்றிய உடனே மாற்றிவிடுங்கள், மிச்சம் பிடிக்கிற விலையில் அது இல்லை. முடியைவிட சுமார் 50 மடங்கு கடினமான ஸ்டீல் எப்படி மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முடி வெட்டுப்படும்போது வளைவதால், சில சூழ்நிலைகளில் பிளேடு முனையில் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்கிறதாம். அதனால் துண்டால் அழுத்தித் துடைத்து நீங்களும் முனையைக் கெடுக்க வேண்டாம். அலசி, உதறி, ஈரம் வடிய வைத்தால் போதும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டும். இந்த பிளேடு ஒன்று சில ரூபாய். ரேசரின் விலை சீக்கிரமே திரும்பி வந்துவிடும், விதவிதமான சோப்பு, பிரஷ் என்று சேகரிக்கும் வியாதி தொற்றாத வரை. நேரம்தான் கூடும், பழகும்வரை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். காலை அவசரத்தில் பழகாதீர்கள், இரவு சாப்பாட்டுக்கு முன் செய்யலாம். விமானத்தில் போனால் பிளேடு கைப்பைக்குள் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

தேய்ந்த பிளேடுகளைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடாதீர்கள், குப்பை பிரிப்பவர்கள் கையைக் கிழிக்கும். காலியான பவுடர் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு அதற்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். நிறைவதற்கு வருடக்கணக்காகும். நிறைந்ததும் டேப் சுற்றி, உள்ளே பிளேடு என்று மேலே பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.