முதலில் வந்த எங்களை உட்கார வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களை உள்ளே கூட்டிப் போனது ஏன்?

தேங்காய் வெட்டும்போது அரிவாள் பட்டு அப்பாவின் உள்ளங்கை கிழிந்துவிட்டது, அரசு மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் உள்ளே போனார்கள், அதில் ஒருவர் உடம்பில் சொட்டு ரத்தம்கூட இல்லை, இது சிபாரிசு இல்லாமல் வேறென்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 11 வருடமாக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாசலில் நின்று யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரிக்கிற வேலைதான் அதில் பாதிக் காலம். ட்ரையாஜ் என்று சொல்வோம். நீங்கள் போன மருத்துவமனையில் அன்று நடந்ததற்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் சொட்டு ரத்தம்கூட இல்லாத அந்த ஆளைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பல வருடமாக நான் பயப்படுவதே அப்படிப்பட்ட ஆட்களுக்காகத்தான்.

எங்கள் வாசலில் ஒருவர் வந்ததும் முதலில் பெயர் கேட்பேன். பதிவேட்டில் எழுத இல்லை, அது பிறகு. பெயரையும் என்ன ஆச்சு என்பதையும் ஒரு முழு வாக்கியமாக அவரே சொல்லிவிட்டால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, நுரையீரலில் காற்று போகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. ஒரு பதிலில் மூன்றும் தெரிந்துவிடும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்திருப்பேன். நாடி எவ்வளவு வேகம் என்பதோடு, கை சூடாக இருக்கிறதா, சில்லென்று வேர்த்திருக்கிறதா என்பதும் விரலுக்குத் தெரியும். அரை நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் பி.பி., சாச்சுரேஷன் (ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது), சுயநினைவுக்கான மதிப்பெண் எல்லாம். தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று டி.ஏ.இ.ஐ. பிரிவுகள் வந்த பிறகு, இடத்தையே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்த நிமிடம் கை வைக்காவிட்டால் உயிர் போகும் என்றால் சிவப்பு. கஷ்டம்தான், ஆனால் கொஞ்ச நேரம் தாங்கும் என்றால் மஞ்சள். காத்திருந்தாலும் உயிருக்கோ உறுப்புக்கோ ஒன்றும் ஆகாது என்றால் பச்சை. உங்கள் அப்பாவை அநேகமாகப் பச்சையில் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. 108-இல் வருகிறவர் உங்கள் கண்ணுக்குத்தான் பின்னால் வந்தவர். வண்டியில் இருக்கிற மருத்துவ உதவியாளர் பல நேரம் வழியிலேயே போன் போட்டு, "மேடம், டூ வீலர், ஹெட் இஞ்சுரி, ஒரு கண்ணில் பாப்பா விரிஞ்சிருக்கு, இருபது நிமிஷத்துல வந்துடுவோம்" என்று சொல்லியிருப்பார். நீங்கள் பெஞ்சில் உட்காரும்போதே அவருக்கு கழுத்துக் காலர், சளியை உறிஞ்சும் சக்ஷன், மூச்சுக்குழாயில் போடும் டியூப் எல்லாம் எடுத்து வைத்து ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

சரி, ரத்தம் இல்லாத ஆள்.

ஒருநாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். நாற்பது வயதுக்காரர் ஒருவரை மனைவியும் மச்சினனும் நடத்திக் கூட்டி வந்தார்கள். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. "கேஸ் டிரபிள்தான் சிஸ்டர், சோடா குடுத்தோம், கேக்கல" என்றார் மச்சினன். அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு பையன் மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக, கூட வந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வயிற்றுவலிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். இமை இரண்டும் பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் மாதிரிதான் தெரியும். மேலே பாருங்கள் என்றேன், கண் மேலே போனது, இமை கூடவே ஏறவில்லை. "ராத்திரி எங்கண்ணே படுத்திருந்தீங்க?" என்றேன். "களத்துல... காவலுக்கு... தரையிலதான்" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு நடுவே இரண்டு முறை மூச்சு எடுத்தார்.

கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும். பல் மிகச் சிறியது, கடிவாயில் வீக்கம் இருக்காது, பல நேரம் வலிகூட இருக்காது, தடமே கண்ணில் படாது. விடியும்போது வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். அந்த விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையை அறுத்துவிடும். முதலில் இமை விழும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னேன். பதினொன்றில் நின்றார். நேராகச் சிவப்புக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரத்தில் அம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை, பிடிக்க வேண்டி வந்தது, டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். பாம்பு விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் டியூபை எடுத்தோம். மண்டை உடைந்த பையனின் ஆட்கள் அன்றைக்கு என்னைப் பேசாத பேச்சில்லை. "ரத்தம் கொட்டுது, வயித்துவலிக்காரனை உள்ள விடுறியா" என்றார்கள். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். உச்சந்தலைக் காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தப் பையன் தன் பெயர், ஊர், வண்டி நம்பர் வரை சொன்னான். அவன் தலையில் பஞ்சுக்கட்டை வைத்து, அவன் அண்ணன் கையை எடுத்து அதன் மேல் வைத்து, "எடுக்காம அழுத்திட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நான் உள்ளே ஓடினேன்.

பிரிப்பதில் தப்பே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது.

பத்தொன்பது வயதுப் பையன். பைக் சறுக்கி விழுந்ததாகச் சொன்னான். முழங்கையில் சிராய்ப்பு, தாடையில் சின்னக் கிழிசல். தானே நடந்து வந்தான். நாடி 96, பி.பி. 120/80, சாச்சுரேஷன் 99. "ஒண்ணும் இல்லக்கா, தையல் போட்டா கிளம்பிடுவேன்" என்று சிரித்தான். பச்சையில் உட்கார வைத்தேன். அன்று சிவப்பில் ஒரே நேரத்தில் மூன்று பேர். முக்கால் மணி நேரம் கழித்து அவன் அம்மா வந்து, "அம்மாடி, இவன் இடது தோளு வலிக்குதுங்கிறான், தண்ணி தண்ணின்னு கேக்குறான்" என்றார். "விழுந்ததுல அடிபட்டிருக்கும்மா, செத்த இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையை முடித்துப் போனேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணிக்கட்டைத் தொட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கை ஐஸாக இருந்தது, உள்ளங்கை ஈரம். நாடி 134. பி.பி. இன்னும் 108/84 காட்டியது. தோளை அழுத்தினேன், வலிக்கவில்லை என்றான். அடிபட்ட தடமும் இல்லை. சட்டையைத் தூக்கினேன். இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது. ஹேண்டில்பாரின் முனை.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்தால் அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தும். அங்கிருந்து போகிற நரம்பும் தோளிலிருந்து போகிற நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருவதால் மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்ளும். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வயதில் சின்னவர்களின் உடம்பு ரத்தம் போகப் போக நாளத்தை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி பி.பி.யை விழாமல் பிடித்து வைத்திருக்கும். பெரியவர் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்றால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போன பிறகுதான் மேல் எண் சரியத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே நாடி ஏறும், கை குளிரும், தாகம் எடுக்கும், இரண்டு பி.பி. எண்களும் ஒன்றையொன்று நெருங்கும். அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில் இரண்டு அறிகுறி இருந்தது. நான் அதைப் பேச்சாகத்தான் கேட்டேன்.

வயிற்றை ஸ்கேன் செய்தால் மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்தது, அது ரத்தம். இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு, ரத்த வங்கிக்கு ஆள் ஓடி, டிரானெக்ஸாமிக் ஆசிட் ஏற்றினோம். உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்து வைக்கிற மருந்து அது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்று 40 நாடுகளில் 20,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகளை 2011-இல் மறுபடி அலசியபோது தெரிந்தது. தியேட்டரில் மண்ணீரலை எடுத்தார்கள். பையன் பிழைத்தான். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அவன் அம்மா எனக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தை அவரிடம் சொன்னேன். "நீதானேம்மா பார்த்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து பச்சைச் சீட்டு எழுதினால் அதன் மூலையில் அடுத்து எத்தனை மணிக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதி வட்டம் போடுகிறேன். கூட வந்தவர்கள் எழுந்து வந்து எது சொன்னாலும், அது எவ்வளவு சாதாரணமாகப் பட்டாலும், நாடியை மறுபடி பார்க்காமல் பதில் சொல்வதில்லை. ட்ரையாஜ் என்பது ஒருமுறை நிறம் குத்தி அனுப்புகிற வேலை இல்லை. ஒரு மணி நேரத்தில் பச்சை சிவப்பாகும்.

இந்த முறை போர்க்களத்திலிருந்து வந்தது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, பதவியையும் எந்த நாட்டுச் சிப்பாய் என்பதையும் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தினார். பிரெஞ்சில் ட்ரையாஜ் என்ற சொல்லுக்குப் பிரித்தெடுப்பது என்றுதான் பொருள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வரிசை என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். சிபாரிசு போன் எங்களுக்கு வராமல் இல்லை, வரும். "சார், அவருக்கு மூச்சு நல்லா இருக்கு, வரிசைப்படி பாக்குறோம்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஆனால் பெரிய விபத்து என்றால் கணக்கே மாறிவிடும். எங்கள் ஊருக்கு வெளியே ஒருமுறை பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேல் ஆட்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள். முதல் வேலையாக, "நடக்க முடிஞ்சவங்கல்லாம் அந்த வேப்பமரத்துக்குப் போங்க" என்று கத்தினோம். நடந்து போனவர்கள் அத்தனை பேரும் பச்சை. மீதிப் பேரிடம் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, சொன்னால் கையை அசைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தோம். ஒருவருக்கு மூச்சு இல்லை. தாடையைத் தூக்கி வழி திறந்து பார்த்தேன், வரவில்லை. கறுப்பு அட்டை, இனி பிழைக்க வைக்க முடியாது என்று அதற்குப் பொருள். சாதாரண ராத்திரியில் அவர் நெஞ்சின் மேல் நாங்கள் ஆறு பேர் மாறி மாறிக் கை வைத்து அழுத்தியிருப்போம். அன்று நான் எழுந்து அடுத்தவரிடம் போனேன். அவருக்குத் தொடையில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டிருந்தது, அழுத்தினேன், நின்றது. அந்த அட்டையைக் கட்டிய கை என்னுடையதுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர்கூட வந்து, "ஐயாவோட ரத்தம் நின்னிருக்கு, உயிருக்கு ஆபத்தில்ல, உள்ள ரெண்டு பேர் ரொம்ப மோசமா இருக்காங்க, அதான் நேரமாகுது" என்று சொல்லவில்லை என்றால், அந்த இடத்தில் எங்கள் பக்கம்தான் குறை. ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து நொடி போதும். உங்களுக்கு அது கிடைத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது நீங்களும் செய்யக்கூடியது உண்டு. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருங்கள். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதீர்கள், உறைந்தது மறுபடி கிளம்பும். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம், தைப்பதற்கு முன் அதைக் கழுவி எடுக்கிற வலியை அப்பாதான் தாங்க வேண்டும். துணி நனைந்து சொட்ட ஆரம்பித்தாலோ, அப்பா மயக்கமாக வருகிறது, குளிர்கிறது, தாகமாக இருக்கிறது என்றாலோ, பேச்சு குறைந்து ஓரமாகச் சாய்ந்தாலோ, வரிசையைப் பார்க்காதீர்கள். எழுந்து வந்து, எது மாறியது என்று சொல்லுங்கள். "எவ்ளோ நேரமா உக்காந்திருக்கோம்" என்பதைவிட "இப்ப புதுசா வேர்க்குது" என்பது என்னைச் சட்டென்று எழுப்பும். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவும் இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், பச்சை மஞ்சளாக மாற அது காரணமாகலாம்.

உள்ளங்கைக் காயம் என்பதால் ஒன்று கேட்கிறேன். தையல் போடுவதற்கு முன் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கச் சொல்லிப் பார்த்தார்களா? விரல் நுனியில் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார்களா? இல்லையென்றால் இன்றைக்கே வீட்டில் பாருங்கள். ஏதாவது ஒரு விரல் நுனி மட்டும் மடங்காமல் நின்றாலோ, ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தாலோ, தையல் பிரிக்கிற நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் தசைநாணும் நரம்பும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சீக்கிரம் சேர்த்துத் தைத்தால்தான் கை பழையபடி வரும்.