எலி வளையும் ஜவ்வரிசியும்

அன்புள்ள ஐயா,

எண்ணெய் வயல்களில் நீரைத் தடுக்க நுண்ணிய பாலிமர் உருண்டைகளைச் செலுத்துகிறார்கள் என்று படித்தேன். 'புத்திசாலி உருண்டைகள்' என்று அதில் போட்டிருந்தது. எண்ணெய் இருக்குமிடத்தில் நீர் எப்படி வந்தது? எங்கே அடைக்க வேண்டும் என்று உருண்டைக்கு எப்படித் தெரியும்?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

நீரை உள்ளே விடுவதே மனிதர்கள்தான். இயற்கை அழுத்தம் தணிந்ததும், சில கிணறுகள் வழியே நீரைச் செலுத்தி எண்ணெயை மற்றக் கிணறுகளை நோக்கித் தள்ளுவார்கள். பாறையில் துளை பெரிதாக உள்ள அடுக்கு ஒன்று இருந்தால் போதும், நீர் முழுக்க அதிலேயே ஓடி மறுபக்கம் வந்துவிடும். இறுகிய அடுக்குகளில் எண்ணெய் அப்படியே கிடக்கும். உலக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு சுமார் 3 பீப்பாய் நீர் மேலே வருகிறது. உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அந்த நீரைப் பிரித்து, சுத்தப்படுத்தி, மறுபடி உள்ளே தள்ள எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வாய்க்கால் கரையில் எலி வளை விழுந்தால் கடைமடை காயும். கரையில் வளையின் வாயை மண் வைத்து அடைத்தால் தீர்ந்தது. பாறையில் தீராது. கிணற்றடியில் அடைத்தால் நீர் கொஞ்சம் சுற்றிப்போய் அதே அடுக்கில் மீண்டும் சேர்ந்துகொள்ளும். வெகுதூரம் உள்ளே போய் அடைக்க வேண்டும். போகும் வழியில் அடைத்துக்கொள்ளவும் கூடாது.

இதற்குக் கைகொடுத்தது வெப்பம். பல வருடங்களாகக் குளிர்ந்த நீர் பாய்ந்ததில் கிணற்றை ஒட்டிய பாறை ஆறிப்போயிருக்கும். உருண்டை 1 மைக்ரானுக்கும் சிறியது. பாலிஅக்ரிலமைடு என்ற, நீரை உறிஞ்சும் பாலிமரால் ஆன அதன் சங்கிலிகளை இரண்டு விதமாக முடிச்சிட்டிருப்பார்கள்: ஒன்று நிலையானது, மற்றது சூட்டில் அவிழ்வது. குளிர்ந்த பாதையில் உருண்டை சுருங்கியே நீரோடு போகும். நீர் அதிகம் ஓடும் அடுக்குக்கே அதுவும் அதிகம் போகும். சூடான பாறையை எட்டியதும் முடிச்சுகள் மெல்ல அவிழும். நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பித் துளைகளின் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் போட்ட ஜவ்வரிசி வெள்ளை மணியாகக் கிடப்பதையும், பாயாசக் கொதியில் கண்ணாடியாக உப்புவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நீர் வேறு வழியின்றி இறுகிய அடுக்குகளுக்குள் புகுந்து எண்ணெயைத் தள்ளும்.

ஆகவே 'புத்திசாலி' என்ற பட்டத்தை நான் உருண்டைக்குத் தரமாட்டேன். நிலத்தடிச் சூட்டைக் கணக்கிட்டு முடிச்சுப் போட்ட வேதியியலாளர்களுக்கே அது சேரும். பிபி, செவ்ரான் எண்ணெய் நிறுவனங்களும் நால்கோ என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இவ்வகை உருண்டைகளை 2001இல் சுமத்ராவின் மினாஸ் வயலில் முதலில் சோதித்தார்கள். பிறகு அலாஸ்காவிலும் செலுத்தினார்கள்.

அகலமான விரிசல் ஓடும் பாறையில் மட்டும் இவற்றை நம்பக்கூடாது. சிக்கிக்கொள்ள இடமில்லாமல் நீரோடு மறு கிணற்றில் வந்துவிடும். அங்கே கெட்டியான ஜெல்லோ சிமென்ட்டோதான் வேண்டும்.

அன்புடன்.