சமோவா மக்களுக்கு வயது ஏற ஏற எடை கூடுவதற்கு மரபணுதான் காரணமா?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துத் தென்பகுதியில் நீரிழிவுப் பிரிவுச் செவிலியாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்தவர்கள் அதிகம். எடை மெஷினிலிருந்து இறங்கும்போது "எங்கள் ரத்தம் அப்படி" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அதில் பாதி உண்மை என்பதால்தான் வலி.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். சமோவாவில் 3,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, சிஆர்ஈபிஆர்எஃப் என்ற மரபணுவில் ஓரெழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் 457ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது; அவ்வளவுதான். சமோவாவில் ஏறக்குறைய 100க்கு 45 பேரிடம் இதன் ஒரு பிரதியாவது இருக்கிறது. பசிபிக் தீவு மக்களுக்கு வெளியே இதைக் காண்பதே அபூர்வம். ஒரு பிரதி இருந்தால் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எண்) சுமார் 1.4 கூடுகிறது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 4 கிலோ. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 8 கிலோ. ஆய்வகத்தில் இந்த மாற்றத்தைப் புகுத்திய கொழுப்புச் செல்கள் கொழுப்பை அதிகமாகச் சேர்த்தன, ஆற்றலைக் குறைவாகச் செலவழித்தன.

ஆனால் இதே மாற்றம் உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு! நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடமும் அங்கு வாழும் பசிபிக் மக்களிடமும் பிறகு நடந்த ஆய்வும் அதையே காட்டியது. எடையைக் கூட்டும் ஒன்று சர்க்கரை நோயிலிருந்து காக்கவும் செய்கிறது. எனவே இதைக் 'கெட்ட மரபணு' என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை. ஒல்லியாக இருந்தும் நாற்பது வயதுக்குள் சர்க்கரை நோயோடு வரும் நம் தமிழர்களையும் பார்க்கிறேன். நமக்குக் குறியீடு 23 என்றாலே கூடுதல் எடை; சமோவாக்காரர்கள், மாவோரிகள் போன்ற பொலினீசியர்களுக்கு அந்தக் கோடு 26.

இனி, எடை கூடுவதற்கு மரபணுதான் காரணமா என்ற உங்கள் கேள்வி. ஒரே வீட்டில் அண்ணன் தம்பியைவிட ஏன் 4 கிலோ கூடுதல் என்பதற்கு இந்த மரபணு பதில் சொல்லலாம். ஒரு நாடே ஏன் பருத்தது என்பதற்குச் சொல்லாது. 1978இல் சமோவாவில் உடல் பருமன் உள்ள ஆண்கள் 100க்கு 28 பேர், பெண்கள் 44 பேர். 2013இல் அது 53ஆகவும் 77ஆகவும் ஏறிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது. 1970களின் ஆய்வுகளிலேயே இது தெரிந்தது: கிராமத்தில் தங்கியவர்களைவிட, பக்கத்தில் அமெரிக்க ஆட்சியில் உள்ள அமெரிக்க சமோவாவுக்கும் ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்த சொந்தக்காரர்கள் பருமனாக இருந்தார்கள். ரத்தம் ஒன்றுதான், ஊர்தான் வேறு.

மாறியது சாப்பாடு. சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, தேங்காய், மீன் இருந்த இடத்தில் கப்பல்கள் கொழுப்பைக் கொண்டுவந்து இறக்கின. டின்னில் அடைத்த மாட்டிறைச்சிக்கு அங்கே 'பிசுப்போ' என்று பெயர். முதலில் டின்னில் வந்த பட்டாணி சூப்பின் ஆங்கிலப் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கல்யாணமானாலும் சாவு வீடானாலும் அதைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் வைப்பதுதான் மரியாதை. அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழி வாலில் கொழுப்பு மிக அதிகம். சமோவா அரசு 2007இல் அதற்குத் தடை போட்டது. உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டுமானால் அந்தத் தடையை நீக்க வேண்டும் என்றார்கள். 2012இல் சமோவா சேர்ந்தது. தன் மக்களின் தட்டைக் காக்க நினைத்த ஒரு சின்ன நாட்டுக்கு இப்படி நேர்ந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

போன மாதம் சமோவாவின் சவாய் தீவைச் சேர்ந்த அறுபது வயது அம்மா ஒருவர் "எங்கள் ரத்தம் அப்படி" என்ற அதே வாக்கியத்தைச் சொன்னார். அந்த 1978ஆம் ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். அந்தக் காலத்தில் தன் தாயார் கிழங்குக் கூடைகளைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து மலைச்சரிவுத் தோட்டத்திலிருந்து நடந்தே வருவாராம். இப்போது தோட்டம் வரை சாலை இருக்கிறதாம், தம்பி பிக்கப் வண்டியில் போய்வருகிறாராம்.

"அம்மா ஒல்லியாகத்தான் இருந்தாள்" என்றார், தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபடி.