கதைக்குள் இருக்கும் ஆளைப் பிடிப்பது எப்படி? – கேள்வி பதில்

சிறுகதையில் ஒரு மாந்தரின் குணம் எப்படி வெளிப்படுகிறது என்று குமரி, செங்கோட்டை, பாலக்காட்டு வாசகர்கள் கேட்டவை இவை. தக்கலைப் பக்கத்துத் தமிழ் டீச்சர் ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், 'குணநலனை விளக்குக'ன்னு கேட்டா நான் கதையையே எழுதிடுறேன். மார்க் வரமாட்டேங்குது. (பிளஸ் டூ, மார்த்தாண்டம்)

மக்களே, கதையில் என்ன நடந்தது என்பது திருத்துகிறவருக்குத் தெரியும். அந்த ஆளைப் பற்றி நீ என்ன கண்டுபிடித்தாய் என்றுதான் அவர் பார்க்கிறார். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று வேண்டும்: குணம் ஒன்று, அதைக் காட்டும் வரி ஒன்று, அந்த வரி அதை எப்படிக் காட்டுகிறது என்ற விளக்கம். பலருக்கு மூன்றாவதுதான் விட்டுப்போகிறது.

'பாட்டா பலாச்சுளை வாங்கி இலையில் பொதிந்து, பேரனுக்காக மூன்று மைல் நடந்தார்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள். 'பாட்டா பாசமுள்ளவர்' என்று எழுதி நிறுத்தினால் அது எந்தப் பாட்டாவுக்கும் பொருந்தும். முந்தின பத்திக்குப் போ. மடியில் பஸ் காசு இருந்ததா? இருந்தும் நடந்தார் என்றால் காசைக் கட்டிப் பிடிக்கிறவர். ஆனால் அதே கை பலாச்சுளைக்குக் காசு கொடுத்திருக்கிறது. இந்த இரண்டும் உரசுகிற இடத்தில்தான் அவர் தனி ஆளாகிறார். அதை எழுது.

எத்தனை தடவை படிக்கணும்? (பி.ஏ. மாணவர், நாகர்கோவில்)

மூன்று. முதல் தடவை பென்சில் இல்லாமல். இரண்டாம் தடவை ஒரே ஒரு மாந்தரை மட்டும் பின்தொடர்ந்து, ஓரத்தில் எழுத்துப் போடுங்கள்: பேச்சுக்குப் 'பே', செயலுக்குச் 'செ', நினைப்புக்கு 'நி', பிறர் சொல்வதற்குப் 'பி', தோற்றத்துக்குத் 'தோ'. மூன்றாம் தடவை அந்தக் குறிகளை மட்டும் பாருங்கள். 'பே' ஒன்றைச் சொல்லி 'செ' வேறொன்றைச் செய்கிற இடம் கிடைத்தால் கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். 'தோ' மட்டும் நிறைய இருந்தால் அவசரப்படாதீர்கள். அழுக்கு வேட்டியை வைத்து ஆளை முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

'அவன் கஞ்சன்' என்று கதையே சொல்லிவிட்டால் நம்பிவிடலாமா? (வாசகர், சித்தூர், பாலக்காடு)

சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். 'நான்' என்று கதை சொல்பவருக்கு அவனோடு வரப்புத் தகராறு இருக்கலாம். படர்க்கையில் சொன்னாலும் கவனம் வேண்டும். 'இனி அவன் எங்கே வரப்போகிறான்?' என்ற வரி 'என்று நினைத்தாள்' இல்லாமல் வந்தால், அது பெரும்பாலும் அவளுடைய மனக்குரல். அதை ஆசிரியர் கருத்தாக எடுத்து எழுதினால் கட்டுரை முழுவதும் சாய்ந்துவிடும்.

எங்க பக்கத்துக் கதைகளில் மலையாளம் கலந்த பேச்சு வருதே, அதுவும் குணமா? (ஆசிரியர், களியக்காவிளை)

சார், எல்லையோரக் கதைகளில் மிகப் பெரிய சான்றே அதுதான். ஆனால் தண்ணீரை 'வெள்ளம்' என்றும் டீயைச் 'சாயா' என்றும் ஒருவர் சொல்வதால் மட்டும் குணம் தெரிந்துவிடாது. அது ஊரைத்தான் காட்டும். சொல் மாறுகிற இடம்தான் முக்கியம். குழித்துறைச் சாயாக்கடைக்காரர் ஒருவர் தெரிந்தவரிடம் 'வெள்ளம் வேணுமா?' என்கிறார். தாலுகா ஆபீஸ் ஆள் உட்கார்ந்ததும் 'தண்ணீர் வேண்டுமா?' என்கிறார். அச்சமா, மரியாதையா, தன் பேச்சைப் பற்றிய கூச்சமா? அந்த ஒரு வரி போதாது. கதையில் அவர் கோபப்படும் இடத்தைத் தேடுங்கள். ஆபீஸ் ஆளிடமே பழைய சொல்லில் சீறினால், முன்பு இருந்தது அடக்கிவைத்த பேச்சு. கோபத்திலும் 'தண்ணீர்' என்றால், புதிய பேச்சு அவருக்குள் இறங்கிவிட்டது. சொல் மாறிய உடனே 'போலி மனிதர்' என்று தீர்ப்பு எழுதும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எல்லையில் வாழ்கிறவர்கள் இரண்டு பேச்சோடும்தான் வாழ்கிறார்கள்.

'அவன்', 'அவர்' மாறுவதையும் இதே போல எண்ணுங்கள். அறுபது வயது மரமேறியைக் கதைசொல்லி 'அவன்' என்றும் இருபது வயது முதலாளி மகனை 'அவர்' என்றும் சொன்னால், நமக்குத் தெரியவருவது கதைசொல்லியின் குணம்.

பழைய கதையில் ஒரு கிழவர் சக்கரத்தில் கணக்குப் போடுகிறார். அது முக்கியமா? (வாசகி, செங்கோட்டை)

கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். சக்கரம் என்பது திருவிதாங்கூரின் பழைய காசு; அங்கே 28 சக்கரம் ஒரு ரூபாயாக இருந்தது. அந்தக் காலத்துக் கதை என்றால் அது வெறும் நாணயம். முன்பு திருவிதாங்கூரில் இருந்த குமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன. அதற்குப் பல ஆண்டு கழித்தும் ஒருவர் மட்டும் சக்கரத்தில் எண்ணுகிறார் என்றால், அவர் மனம் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று ஆசிரியர் காட்டுகிறார்.

நினைப்பை மட்டும் வைத்து ஆளைக் காட்ட முடியுமா? (நாகர்கோவில்)

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடக்கத்தைப் படியுங்கள். பிள்ளை சென்னையில் பிராட்வே முனையில், ஆபத்தில்லாத ஓரமாகப் பார்த்து நிற்கிறார். டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பிக்கு ஆகும். இதுதான் அவருடைய தீவிர யோசனை. கைக்காசு குறைவு, நாக்குச் சபலம், சின்ன ஏமாற்றைத் தப்பாக நினைக்காத மனம், எல்லாம் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன.

கடைசியில் ஆள் திருந்திவிட்டார் என்று எழுதலாமா? (பிளஸ் டூ, குலசேகரம்)

அழுதார் என்பது மட்டும் சான்றாகாது. கதையின் முதல் பாதியில் அவர் செய்த ஒரு செயலை எடு. கடைசியில் அதே மாதிரி சூழலில் வேறு விதமாகச் செய்கிறாரா என்று பார். செய்தால் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. அப்படி ஓர் இடம் கதையில் இல்லை என்றால், 'திருந்தினார்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'கலங்கினார்' என்று எழுது.