அனோரின் சுடரும் நார்யா மோதிரமும் ஒன்றா?

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் இவை இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. காசாத்-தூம் என்ற நிலத்தடி நகரின் பாலத்தில் பால்ரோக் என்ற நெருப்பு அரக்கனை மறித்து நிற்கும் மந்திரவாதி கேண்டால்ஃப், தன்னை அனோரின் சுடரைக் கையாள்பவன் என்று அறிவிப்பதை, நீங்கள் ஊகிப்பதுபோல் அவர் அணிந்திருக்கும், எல்ஃப் இனத்தவரின் மூன்று மோதிரங்களில் ஒன்றான நார்யாவின் மறைபெயராகக் கொள்வதற்கு நூலில் நேரடி ஆதாரம் இல்லை. எல்ஃப்களின் சிந்தாரின் மொழியில் அனோர் என்றால் சூரியன்.

நார்யாவுக்கு நெருப்பு மோதிரம் என்ற பெயர் இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் அதைக் கேண்டால்ஃபிடம் ஒப்படைக்கும் எல்ஃப் தலைவர் கீர்டன், குளிர்ந்துவரும் உலகில் மனங்களை மீண்டும் கனலச்செய்யவே அது உதவும் என்கிறார். மூன்று மோதிரங்களும் போர்க்கருவிகளாகச் செய்யப்பட்டவையல்ல என்று இன்னொரு எல்ஃப் தலைவரான எல்ரோண்டும் ஆலோசனை அவையில் சொல்லிவிடுகிறார்.

1954இல் வெளிவந்த முதல் தொகுதியில் கரத்ராஸ் மலையின் பனிப்புயல் காட்சியை ஒருமுறை படித்துப் பாருங்கள். எல்ஃபும் குள்ளரும் முயன்றும் பற்றாத ஈர விறகுக்குள் கேண்டால்ஃப் தன் கோலின் நுனியைச் செருகி மந்திரம் சொன்னதும், பச்சையும் நீலமுமாகத் தீ பீறிடுகிறது. பிறகு, தான் இங்கிருப்பதை ஊரறிய எழுதிவைத்தாயிற்று என்று அலுத்துக்கொள்கிறார். (அந்த முணுமுணுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.) மோதிரத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும், மோதிரம் அவருக்குத் துணைசெய்யவே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. கதையின் கடைசிக் கட்டம்வரை அவர் அதை மறைத்தே அணிந்திருக்கிறார். அனோரின் சுடர் எது என்பதையும் கதை விளக்காமலே விட்டுவிடுகிறது.